லிஃப்டில் வந்த தாய்கள்

‘நீ யாருக்காக அழுகிறாய்? உனக்குப் பிள்ளை இல்லை, மடியில் பால் இல்லை. தின்பதும் தூங்குவதுமாகத் தனிக் கூண்டில் கிடந்த ஆண் ஜென்மம். உனக்கு என்ன குறை வந்தது என்று இப்படிக் கொட்டித் தீர்த்திருக்கிறாய்?’

திரையில் உயர்ந்து நின்ற நீலப் பட்டையைப் பார்த்துச் சின்னவள் இப்படிக் கேட்டாள், உதடு அசையாமல். பக்கத்து மேசையில் ஒரு மாணவி காதில் பாட்டை மாட்டிக்கொண்டு குழாய்களின் மூடிகளில் எண் எழுதிக்கொண்டிருந்தாள். மூலையில் குளிர்பெட்டி வழக்கம்போல் உறுமிக்கொண்டிருந்தது. எதுவும் மாறவில்லை. அவளுடைய ஏழு வருட வேலை மட்டும் கண்ணெதிரே சத்தமில்லாமல் சரிந்துகொண்டிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தாயின் தவிப்பு என்று ஊரெல்லாம் பேசப்பட்ட ஒன்று, ஓர் ஆண் எலியின் மூளையில் அதே உயரத்தில் நிற்கிறது. சிரிக்காமல் என்ன செய்வது? வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து கழிவறைக்குப் போனாள். அங்கே போனதும் சிரிப்பு வேறொன்றாகிவிட்டது.

ஆய்வகத்தின் வேலை இதுதான். மற்றவர்கள்போல மூளையை மொத்தமாக அரைத்து, எந்த மரபணு விழித்திருக்கிறது என்று பார்ப்பது சந்தைக்கு வெளியே நின்று காது கொடுப்பதைப் போல. இரைச்சல்தான் கேட்கும். இவர்களுக்கு ஒருவர் குரலை மட்டும் பிரித்துக் கேட்கத் தெரியும். இவர்கள் வளர்க்கும் எலிகள் பிறக்கும்போதே ஓர் ஏற்பாட்டோடு பிறக்கின்றன. மூளையின் அடியில், ஒரு வகைச் செல்களில் மட்டும், புரதம் செய்யும் நுண்பட்டறைகளின் முதுகில் ஒரு வால் இருக்கும். மற்ற செல்களில் இருக்காது. எலி ஓடும், தின்னும், குட்டி போடும். அதற்கு ஒன்றும் தெரியாது. உரிய நேரத்தில் அதன் மூளையை எடுத்து ஐஸில் வைத்து அரைத்து, அந்த வாலைப் பற்றிக்கொள்ளும் காந்த மணிகளை விட்டால், வால் உள்ள பட்டறைகள் மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றில் அப்போது ஓடிக்கொண்டிருந்த செய்தியும் கூடவே வரும். உயிரோடு இருந்த பிராணி ஒன்றின், ஒரே ஒரு வகைச் செல்லின், கடைசிப் பேச்சு அது.

அந்தப் பேச்சைக் கேட்டுத்தான், குட்டிகளைப் பிரிந்த தாய் எலிகளில் ஒரு மரபணு விழித்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்தார்கள். எழுத்தும் எண்ணுமாக அதற்கு ஒரு பெயர் உண்டு. யாரோ ஒருநாள் ‘தவிப்பு’ என்றார்கள். அது ஒட்டிக்கொண்டது. பத்திரிகைகள் அதையே தலைப்பாக்கின.

ஆய்வகத்தின் தலைவியும் சின்னவளின் ஓரகத்தியும் ஒருத்திதான். வீட்டில் அவளைப் பெரியவள் என்றார்கள், இவளைச் சின்னவள் என்றார்கள். உறவு தெரிந்த பிறகு ஆய்வகத்திலும், முதுகுக்குப் பின்னால், பெரியவங்க, சின்னவங்க என்றே ஆகிவிட்டது.

மாணவியாக வந்த சின்னவளின் கையைப் பார்த்துத்தான் பெரியவள் முதலில் அவளைத் தேர்ந்தெடுத்தாள். துளி அளக்கும் பிப்பெட்டைப் பிடித்தால் நடுங்காத கை. எலியை எடுத்தால் எலியும் நடுங்காது. பிறகு அந்தக் கையைத் தன் கொழுந்தனுக்கும் தேர்ந்தெடுத்தாள். “நல்ல ரகம். விட்டா வேற கூண்டுக்குப் போயிடும்” என்று கல்யாணத்தன்று பெரியவள் எல்லோர் முன்னாலும் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும்தான் சிரித்தாள். எந்தத் தாயோடு எந்த ஆணைச் சேர்ப்பது, எந்தக் குட்டியை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று நாள் முழுக்கத் திட்டம் போடுகிறவள் சொன்ன வார்த்தை அது என்பது வெகுநாள் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது.

மகள் பிறந்து ஐந்து மாதம் ஆனபோது இந்தச் சோதனை தொடங்கியது. குட்டி போட்ட எலிகள் தயாராக இருந்தன. குழந்தையை வைத்துக்கொண்டு முடியாது என்பது பெரியவளுக்குத் தெளிவாக இருந்தது. வேறு ஊரில் இருந்த நாத்தனார், தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். சின்னவள் தயங்கியபோது பெரியவள் சொன்னாள்: “எலி காத்திருக்காது. குழந்தை காத்திருக்கும். நான் என் பையன இதவிடச் சின்னதுல விட்டுட்டு வந்தேன். என்ன ஆயிட்டான்? ஹாஸ்டல்ல உக்காந்துகிட்டு என்கிட்டயே நியாயம் பேசறான்.”

அண்ணி யோசிக்காமல் சொல்லமாட்டார் என்றான் கணவன். அவன் எல்லாவற்றுக்கும் சொல்கிற பதில் அதுதான்.

அப்படிக் குழந்தை போனது. அதன் பிறகு சின்னவள் தினமும் எலிக்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தாள். கட்டை விரல் அளவுகூட இல்லாத, ரோமம் முளைக்காத குட்டிகள். அவற்றின் கூப்பாடு மனிதக் காதுக்கு எட்டாது. அதைப் பிடிக்கிற கருவி ஒன்று மேசையில் இருந்தது, ஒவ்வொரு கூப்பாட்டையும் ஒரு கோடாகத் திரையில் வரையும். கோடுகளைப் பார்க்கிறபோதே அவள் மார்பில் பால் இறங்கிவிடும். காதில் ஒன்றும் விழவில்லை, கண்ணில் வெறும் கோடுதான், இருந்தாலும் உடம்பு கேட்டுக்கொண்டது. அவள் போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் முன்பக்கம் நனையும். கூண்டை ஓரமாக வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய், தொட்டியில் பீய்ச்சிவிட்டு, கோட்டை மாற்றிக்கொண்டு வருவாள். ஒருநாள் பெரியவள் பார்த்துவிட்டாள். அடுத்த நாள் இரண்டு கோட்டுகள் கூடுதலாக அவள் அலமாரியில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அது அன்பா, வேலை நிற்கக்கூடாது என்ற கணக்கா என்று சின்னவளால் இன்றுவரை முடிவுசெய்ய முடியவில்லை.

தவிப்பின் அளவைக் காட்டும் அந்த நீலப் பட்டை முதல் முறை உயர்ந்தபோது அவள் அழுதாள். கண்டுபிடித்த மகிழ்ச்சி என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவள் நினைத்தது வேறு: ‘இது என் பலவீனம் இல்லை. உடம்பில் இதற்கென்று ஓர் இடம் இருக்கிறது.’ போனில் நாத்தனார், “நல்லா விளையாடறா, உன்னத் தேடவே இல்ல” என்று நல்ல மனதோடுதான் சொல்வாள். போனை வைத்த பிறகு சின்னவள் அந்தப் பட்டையை நினைத்துக்கொள்வாள். சாமி படத்தை நினைப்பதைப்போல நினைத்துக்கொள்வாள். இரண்டரை வயதில் மகள் திரும்பி வந்து, நாத்தனாரின் காலைக் கட்டிக்கொண்டு, “இவங்க யாரு?” என்று கேட்டபோதும் அதைத்தான் நினைத்தாள்.

கட்டுரை வெளிவந்ததும் நிறுவனத்தில் வேலை செய்த பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கைக்குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்று அவர்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டிருந்தார்கள். பார்க்கலாம் என்பதே இயக்குநரின் பதிலாக இருந்தது. இப்போது கட்டுரையைக் கொண்டுபோய் மேசையில் வைத்தார்கள். தரைத்தளத்தில் மஞ்சள் கதவு போட்ட காப்பகம் திறந்தது. அறிவியலே சொன்ன பிறகு நாம் மறுக்கமுடியுமா என்று இயக்குநர் திறப்பு விழாவில் பேசினார். அத்தனை பெண்கள் வாய்விட்டுச் சொன்னபோது எடுபடவில்லை. எலி சொன்னதும் எடுபட்டது. அன்று கைதட்டிய கூட்டத்தில் சின்னவளும் இருந்தாள், அவளுக்கும் அப்போது இது தோன்றவில்லை.

தவறு எங்கே நடந்தது என்று கேட்டால், அதிகக் கவனத்தில்தான் நடந்தது. பிரித்த தாய்க்குக் குட்டியின் வாசனையோ கூப்பாடோ எட்டக்கூடாது என்று பெரியவள் வெகு கறாராக இருந்தாள். அதனால் பிரிக்கப்பட்ட தாய்களைத் தரைத்தளத்து அறையில் வைத்தார்கள். நேரம் ஆனதும் சரக்கு லிஃப்டில் ஏற்றி, நான்காம் மாடி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். குட்டிகளோடு விடப்பட்ட தாய்களோ ஆய்வகத்தை ஒட்டிய சின்ன அறையிலேயே இருந்தன. அவற்றுக்குக் கதவு திறந்து நாலு எட்டு வைத்தால் போதும். இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி கையாளப்பட்டன என்று கட்டுரையில் எழுதியதில் பொய் இல்லை. லிஃப்டை யாரும் கையாளுதலாக எண்ணவில்லை. அது சுவரைப் போல, அலமாரியைப் போல, கட்டடத்தின் ஒரு பாகம். குட்டியின் சத்தத்தை அடைக்க அத்தனை பாடுபட்டவர்களுக்கு லிஃப்டுக்கும் ஒரு சத்தம் இருக்கும் என்று தோன்றவில்லை.

வேறொரு ஆய்வகம் இதே சோதனையைச் செய்து பார்த்து, ஒன்றும் வரவில்லை என்று எழுதியது. அவர்களுக்கு எலி அறையும் ஆய்வகமும் ஒரே தளத்தில். பெரியவள் அதைப் படித்துவிட்டு, “கை சரியில்ல அவங்களுக்கு” என்றாள். கட்டுரையை வெளியிட்ட பத்திரிகை விளக்கம் கேட்டது. நிறுவனம் மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தது. அந்த நேரம் பார்த்துச் சரக்கு லிஃப்ட் பழுதானது.

குழுவுக்குக் காட்டப் புதிதாக ஒரு சுற்று செய்து வைக்கலாம் என்று சின்னவள் எலிகளைப் படியேறிக் கொண்டுவந்தாள். கூண்டைத் துண்டால் மூடி, வயிற்றோடு அணைத்து, கர்ப்பிணி ஏறுவதைப்போல ஒவ்வொரு படியாக ஏறினாள். பட்டை எழவில்லை. தரையோடு தரையாகக் கிடந்தது. தன் கை போய்விட்டது என்று பயந்தாள். மறுபடி செய்தாள். மறுபடி அதுவே.

பழுது சரியானதும், ஏதோ ஒரு பிடிவாதத்தில், ஒரு தாயை அதன் குட்டிகளோடு சேர்த்தே லிஃப்டில் ஏற்றினாள். மடியில் குட்டிகள் முட்டிக்கொண்டிருக்க, எதையும் இழக்காத தாய் அது. பட்டை உச்சிக்குப் போனது. பிறகு அந்த ஆண் எலியை ஏற்றினாள், அதே உயரம். அதன் பிறகு கூப்பாடு பிடிக்கும் கருவியை எடுத்துக்கொண்டு அவளே லிஃப்டில் ஏறினாள். இரண்டாம் மாடி தாண்டியதும் திரை கறுத்துவிட்டது. கோட்டின்மேல் கோடு. மேலே எங்கோ ஒரு சக்கரம், மனிதர்களுக்குக் கேட்காத குரலில், வருடக்கணக்காக அலறிக்கொண்டிருந்திருக்கிறது.

பெரியவளின் அறையில் போய்ச் சொன்னாள். பெரியவள் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள். ஆண் எலிகள் எத்தனை, ஏற்றி எவ்வளவு நேரம் கழித்து எடுத்தாய், லிஃப்டில் ஏற்றி விளக்கை அணைத்துப் பார்த்தாயா, அசைவா சத்தமா எது என்று பிரித்தாயா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாம் சரியான கேள்விகள். ஒரு கணம் சின்னவளுக்குப் பழைய நாட்கள் திரும்பியதைப்போல இருந்தது. இவளிடம்தானே இப்படிக் கேட்கக் கற்றோம் என்று நெஞ்சு நிறைந்தது. பிறகு பெரியவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“யார் யார்கிட்ட சொன்ன?”

“யார்கிட்டயும் இல்ல.”

“சொல்லாத.” கண்ணாடியின் காம்புகளை மடித்து வைத்தாள். “அந்த மூணு பேரும் ஒரே ஒரு கேள்விதான் கேக்கப் போறாங்க. ரெண்டு கூட்டத்தையும் ஒரே மாதிரி கொண்டுவந்தீங்களான்னு. கொண்டுவந்தது நீ. நான் சொன்னா எடுபடாது. நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“பதில் ஆமா இல்லையேக்கா.”

“ஏன் இல்ல? கூண்டு ஒண்ணு, துண்டு ஒண்ணு, கை ஒண்ணு. லிஃப்ட்டப் பத்தி அவங்க கேக்கல. கேக்காத கேள்விக்கு நீ எதுக்குப் பதில் சொல்ற?”

குரல் உயரவில்லை. பெரியவள் கோபப்பட்டிருந்தால் சின்னவளுக்கு எளிதாக இருந்திருக்கும். சோதனைக் குழாயில் கலங்கலைத் தெளியவைக்கிற நிதானம்தான் அந்தக் குரலில் இருந்தது. செல்லைப் பிரித்த முறையில் குறை உண்டா, வால் ஒட்டியதில் குறை உண்டா, மரபணு விழித்தது பொய்யா என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றுதான் சின்னவள் தலையாட்ட வேண்டியிருந்தது. அளந்ததெல்லாம் சரி. எதை அளந்தோம் என்பதுதான் தவறு.

அன்று வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். லிஃப்டா என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, விஷயத்தின் கனம் புரிந்ததும், அண்ணி என்ன சொன்னார் என்று கேட்டான். அண்ணி சொன்னதைச் சொன்னதும் அவன் முகம் தெளிந்தது. அண்ணி இல்லாவிட்டால் நீ இந்த இடத்துக்கு வந்திருக்கமுடியுமா, இந்த வீட்டுக்குத்தான் வந்திருப்பாயா என்று எடுத்துச் சொன்னான். அடுப்பைத் துடைத்துக்கொண்டே சின்னவள் கேட்டாள்:

“அப்ப பாப்பாவ அனுப்பினது எதுக்கு?”

“அத இப்ப எதுக்குத் தோண்டற? எல்லாம் நல்லபடியாத்தானே முடிஞ்சுது.”

அவன் மனதறிந்து பொய் சொல்கிறவன் இல்லை. அவனுக்கு உண்மையிலேயே எல்லாம் நல்லபடியாக முடிந்திருந்தது. குழந்தை போனது, வளர்ந்தது, வந்தது. நடுவில் எதுவும் நடக்கவில்லை. அடுப்பைத் துடைத்த துணியைப் பிழிந்து காயப்போடும்போது அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மகள் படுக்கையில் குப்புறக் கிடந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, அத்தை வீட்டில் இருந்தது நினைவிருக்கிறதா என்று கேட்டாள்.

“இருக்கு. அங்க ஊஞ்சல் இருந்துச்சு.”

“நான் இல்லன்னு அழுவியா?”

மகள் யோசித்தாள். பொய் சொல்லவேண்டிய அவசியம் இல்லாத வயது. “தெரியலம்மா. நீ அப்ப எங்க இருந்த?”

“எலிகிட்ட.”

அது பெரிய நகைச்சுவை என்று நினைத்து மகள் உருண்டு உருண்டு சிரித்தாள். ஒரு எலியை வரைந்து, அதற்குக் கண்ணாடி மாட்டி, பெரியம்மா என்று கீழே எழுதினாள். சின்னவளும் சிரித்தாள்.

பிறகு தனியாக இருந்தபோது தன்னையே பிடித்துக் கேட்டாள். பெரியவளுக்காகவா இவ்வளவு தயங்குகிறேன்? இல்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அந்தப் பட்டை தனக்கே மிஞ்சும். குழந்தையை விட்டுவிட்டு நின்றவளின் உடம்பில் ஏதோ ஒன்று அலறியது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. அதைக் கொடுத்துவிட்டால் கையில் என்ன இருக்கிறது? நனைந்த கோட்டு. அதைத் துவைத்துப் போட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

ஏழு வருடமாக லிஃப்டின் அலறலைத் தன் அலறல் என்று மடியில் வைத்துத் தாலாட்டியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவமானத்தில் உடம்பு கூசியது. பெரியவள் ஏமாற்றினாள் என்றால் கோபப்படலாம். யாருமே ஏமாற்றவில்லை. தனக்கு வேண்டியதைக் கேட்கத் தானே காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

குழு வரும் நாள் நெருங்க நெருங்க, மஞ்சள் கதவைத் தாண்டிப்போவது கடினமாகிவிட்டது. கணக்குப் பிரிவில் வேலை செய்கிற ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு அவளை அங்கே நிறுத்தினாள். ஏதோ விசாரணை என்று கேள்விப்பட்டாளாம். “உங்க எலி மட்டும் இல்லன்னா நான் வேலைய விட்டிருப்பேங்க. ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க” என்று ஆறுதல் சொன்னாள். குழந்தை சின்னவளின் அடையாள அட்டையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. அதன் எச்சிலைத் துடைக்காமலே மாடிக்கு வந்தாள்.

குழு வந்த காலையில் அவள் தரைத்தளத்து எலி அறையில் தண்ணீர்ப் புட்டிகளை மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் வேலை இல்லை அது. கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது. பெரியவளே இறங்கி வந்தாள். நல்ல உடை உடுத்தியிருந்தாள், தலை படிய வாரியிருந்தாள். முகத்தில் மட்டும் இரண்டு மூன்று நாள் தூக்கம் பாக்கி இருந்தது. சின்னவளை வெளியே அழைத்து, சரக்கு லிஃப்ட் பக்கம் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினாள். கலைந்திருந்த கோட்டுக் காலரை அவளே இழுத்துச் சரி செய்தாள்.

“மேல மூணு பேரும் வந்துட்டாங்க. நல்ல மனுஷங்கதான். சீக்கிரம் முடிச்சுட்டுப் போகணும்னு இருக்காங்க.”

சின்னவள் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“எனக்காகச் சொல்ல வேண்டாம். அந்த மஞ்சக் கதவுக்காகச் சொல்லு. நாளைக்கே அத மூடிட்டு அங்க நாற்காலி அடுக்கி வைப்பாங்க. அந்தப் பொண்ணுங்க எல்லாம் யாரத் திட்டுவாங்க? என்னையா?”

“என்னைத்தான்க்கா.”

“தெரியுதுல்ல?”

தெரிந்தது. மூடத்தான் மூடுவார்கள். எலி வாக்கு மாறியதும் கதவும் மாறும். அப்படித்தான் அந்தக் கதவைப் போட்டிருந்தார்கள். ஒரு பெண் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் போதாது, எலிக்கும் வலிக்கவேண்டும் என்று வைத்த இடத்தில் வேறென்ன நடக்கும்? ஆனால் அதைச் சொல்லி அந்தக் கணக்குப் பிரிவுப் பெண்ணின் குழந்தையை எங்கே படுக்கவைப்பது?

பெரியவள் லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். மேலே எங்கோ அது அசைந்து புறப்படுகிற சத்தம் கேட்டது. கேட்கிற சத்தம் மட்டும். அறைக்குள் எலிகள் என்ன கேட்டனவோ. காத்திருக்கும்போது பெரியவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ பேசுகிறவளைப்போலச் சொன்னாள்:

“பையன விட்டுட்டு வந்தப்ப எனக்கு ஒண்ணுமே தோணல. வேலைதான் பாத்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. நான் என்ன ஜென்மம்னு ராத்திரியெல்லாம் யோசிச்சிருக்கேன். உன் பட்டை எந்திரிச்சப்பதான் நிம்மதியாச்சு. எனக்கும் உள்ள ஏதோ எந்திரிச்சிருக்கும், எனக்குத்தான் கேக்கலன்னு நினைச்சுகிட்டேன்.” திரும்பி அவளைப் பார்த்தாள். “அத எங்கிட்டேருந்து எடுக்காத.”

இத்தனை வருடத்தில் பெரியவள் அவளிடம் எதையும் கேட்டதில்லை. சொல்வாள், நடக்கும். இப்போதுதான் கேட்கிறாள். சின்னவளுக்கு அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் என்று இருந்தது. இரண்டு பேரும் ஒரே பட்டையை, ஒருவருக்கொருவர் தெரியாமல், இரண்டு அறைகளில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். கூடுதலாக வந்த அந்த இரண்டு கோட்டுகள் நினைவுக்கு வந்தன. அவற்றை மடித்து வைத்தபோது பெரியவளின் கை எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் முதன்முதலாக நினைத்துப் பார்த்தாள்.

இரக்கம் வந்தது. கூடவே கசப்பும் வந்தது, இரக்கத்தைவிட ஒரு படி முன்னால். தன் மடியில் ஈரம் இருந்தது. அது யாரும் அளக்காத ஈரம், ஆனாலும் இருந்தது. அதைப் பார்த்தவள் பெரியவள் ஒருத்திதான். பார்த்துவிட்டு, மாற்றுக் கோட்டை வைத்துவிட்டு, எலியிடம் போய் உண்டா இல்லையா என்று கேட்டவளும் இவள்தான். தானும் சேர்ந்துதான் கேட்டாள்.

லிஃப்ட் வந்து நின்றது. கதவு திறந்தது. பெரியவள் உள்ளே போய், கதவு மூடாமல் இருக்க ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

“வா. ஒரு வார்த்தைதான்.”

சின்னவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கையில் இன்னும் ஒரு தண்ணீர்ப் புட்டி இருந்தது. அதன் மூடியைத் திருகி, ஒழுகுகிறதா என்று கவிழ்த்துப் பார்த்தாள். ஒழுகவில்லை.

“நீங்க போங்கக்கா” என்றாள். “நான் மேல வந்தா இந்த லிஃப்ட்டப் பத்திதான் பேசுவேன்.”

கதவு மூடப் பார்த்து, பெரியவளின் கையில் இடித்து, மறுபடி திறந்துகொண்டது.